இருபத்து மூன்று வயதில் மார்பு தளர்ந்துவிட்டதா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

எனக்கு 23 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மார்பு தொய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. இரவில் பாடி (பிரா) போடாமல் தூங்குவதுதான் காரணம் என்று அம்மா சொல்கிறார். காலையில் ஓடப் போவதையும் நிறுத்தச் சொல்கிறார். இந்த வயதில் இப்படி ஆகுமா? தடுக்க வழி உண்டா? கேலி செய்யாதீர்கள்.

4 ஆகஸ்ட் 2024

கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் 19 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். திரைக்குப் பின்னால் அளவு கொடுக்க நிற்கும் பெண்களில் பாதிப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்பார்கள்.

தையல்காரிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தோள் தையலிலிருந்து மார்பு முனை வரை எத்தனை அங்குலம் என்று எழுதிவைக்காமல் டார்ட், அதாவது கப்புக்கான மடிப்பு, பிடிக்க முடியாது. அந்த எண் கூடினால் மார்பு இறங்கியிருக்கிறது என்று பொருள். பத்துப் பன்னிரண்டு வருடமாக என்னிடமே தைப்பவர்கள் இருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு 9½, முதல் பிள்ளைக்குப் பிறகு 10, எடை குறைத்த பிறகு 10½ என்று அவரவர் கதை என் நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவரிடம்கூட இப்படி ஒரு கணக்கு இருக்காது.

அந்த நோட்டை வைத்துச் சொல்கிறேன். முதல் காரணம் எடை ஏறி இறங்குவது. அடுத்தது பிள்ளைப்பேறு. மூன்றாவது பாடி போடாமல் இருப்பது. உன் அம்மா சொல்வது சரிதான், தங்கச்சி. இரவிலும் போட்டுக்கொள். தினமும் பத்துத் தண்டால் எடு. தூக்கி நிறுத்திவிடும்.

5 ஆகஸ்ட்

தண்டால் விஷயத்தில் ஒரு தாதி என்னைத் திருத்தியிருக்கிறார். நியாயமான திருத்தம்.

மார்புக்குள் தசை கிடையாது. பால் சுரப்பி, கொழுப்பு, அவற்றுக்கு நடுவே ஓடும் நார்ப்பட்டைகள், மேலே போர்த்திய தோல், அவ்வளவுதான். தசை இருப்பது அதற்கு அடியில், விலா எலும்பின்மேல். தண்டால் எடுத்தால் அந்தத் தசை பருக்கும், தோள் நிமிரும், சேலை கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தசைக்கு மேலே உட்கார்ந்திருப்பதை அது இழுத்து மேலே கொண்டுவராது. திண்ணையைக் கெட்டிப்படுத்தினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு வயது குறையுமா?

அந்த நார்ப்பட்டைகளுக்குக் கூப்பர் தசைநார் என்று பெயராம். ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1840இல் மார்பின் உடற்கூறு பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. "தசைநார்" என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், பயிற்சியால் இறுக்கக்கூடியது அல்ல அது. தோலும் இந்த நார்களும் சேர்ந்துதான் பாரத்தைப் பிடிக்கின்றன. இரண்டும் நைந்த எலாஸ்டிக் மாதிரி, ஒருமுறை நீண்டால் முழுதாகத் திரும்புவதில்லை.

தண்டால் எடு, ஆனால் தண்டாலுக்காக எடு.

9 ஆகஸ்ட்

எடை பற்றிச் சொன்னதை யாரோ "கேள்விப்பட்டதை எழுதுகிறார்" என்று எழுதியிருந்தார்கள். சரி, என் உடம்பையே எடுத்துக்கொள்வோம்.

27 வயதில் எனக்கு 81 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் பயந்து, சோற்றை அடியோடு விட்டு, ஏழே மாதத்தில் 17 கிலோ குறைத்தேன். கடையில் எல்லோரும் கொண்டாடினார்கள். தம்பி திருமணத்துக்கு எனக்கு நானே ரவிக்கை வெட்டினேன். பழைய அளவில் இரண்டு அங்குலம் உள்ளே பிடித்து டார்ட் போட்டுப் போட்டுப் பார்த்தால், கப்பின் மேல்பாதி காற்றுப் போன பலூன்போல மடிந்து நின்றது. துணியில் தவறு என்று நினைத்து மூன்று முறை பிரித்துத் தைத்தேன். நான்காவது முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். துணியில் தவறில்லை.

மார்பில் கொழுப்பு நிறைய. எடை ஏறும்போது தோல் அதற்கு இடம் கொடுத்து விரிகிறது. எடை இறங்கும்போது கொழுப்பு போய்விடுகிறது, விரிந்த தோல் அப்படியே நிற்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் நடக்காது. தோலின் வாகு பிறப்பிலேயே வருவது. என் சின்னம்மா மகள் என்னைவிட அதிகமாக இறக்கினாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. 11 கிலோ திரும்ப ஏறியது, மறுபடி இறக்கினேன், மறுபடி ஏறியது. ஒவ்வொரு சுற்றிலும் நோட்டில் கால் அங்குலம். 9¾இல் தொடங்கியவள் 10¾இல் நிற்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் எடை குறைக்காமல் இருந்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கியது, முழங்கால் வலி போனது. அந்த ஓர் அங்குலத்தைக் கொடுத்து இதை வாங்கினேன் என்றால் மலிவுதான். மெதுவாக இறக்குங்கள், இறக்கிய இடத்தில் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

10 ஆகஸ்ட்

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் கேட்டிருக்கிறார். பால் கொடுத்தால் தொங்கிவிடும், புட்டிப்பாலே போதும் என்று மாமியார் சொல்கிறாராம். தனியார் நிறுவனத்தில் வேலையாம், பிரசவ விடுப்பு 98 நாள் முடிந்ததும் எப்படியும் நிறுத்தத்தானே போகிறாய் என்பது மாமியாரின் இரண்டாவது வாதம்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். பால் கொடுத்தவர்களின் அளவுதான் நோட்டில் இறங்கியிருந்தது. ஆனால் பால் கொடுத்தவர்கள் எல்லாருமே அதற்கு முன் கர்ப்பமாக இருந்தவர்கள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை!

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ரிங்கர் என்ற அறுவை மருத்துவரின் குழு 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மார்பு அறுவைக்கு வந்தவர்களில் பிள்ளை பெற்ற 93 பேரை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பால் கொடுத்தவர்கள். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் தளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. தளர்ச்சியோடு சேர்ந்து வந்தவை வயது, உடல் பருமன், எத்தனை முறை கர்ப்பம் தரித்தார் என்பது, கர்ப்பத்துக்கு முன்பே மார்பு பெரிதாக இருந்ததா என்பது, புகைப்பழக்கம். பின்னால் வந்த இன்னோர் ஆய்வில் 22 கிலோவுக்கு மேல் எடை குறைத்ததும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அறுவை வேண்டும் என்று தேடி வந்தவர்களிடம் மட்டுமே கேட்டது இது. ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்துமா என்று ஒரு கேள்வி நிற்கத்தான் செய்கிறது. இருந்தாலும் என் நோட்டைவிட மேல்.

ஆகவே மாமியாரிடம் சொல்லுங்கள். சுரப்பி பெருத்து, தோல் விரிகிற வேலை கர்ப்பத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. புட்டியைக் கையில் எடுத்தால் அது திரும்பி வராது. விடுப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் பீய்ச்சி வைத்துக் கொடுக்கும் பெண்கள் என் வாடிக்கையாளர்களிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்பக்கம் மறைவாகத் திறக்கும்படி ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். வேண்டுமானால் வாருங்கள்.

11 ஆகஸ்ட்

புகையை நேற்றுப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். தோலுக்கு இழுவிசை கொடுக்கும் நார்களை அது அரிக்கிறது. நம் பெண்களில் சிகரெட் பிடிப்பவர்கள் குறைவு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைக்கு வரும் கைப்பைகளில் மின்சிகரெட்டின் ஸ்டிராபெரி வாசனை வருகிறது. எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

17 ஆகஸ்ட்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் அளவு கொடுத்தாள். தோளிலிருந்து முனை 10¼. வெட்டுவதற்குள் துணியை மாற்றிவிட்டாள், வெள்ளிக்கிழமை புதுத் துணியோடு வந்தாள். கழுத்து மாறியதால் மறுபடி அளந்தேன். 9½. மூன்றே நாளில் முக்கால் அங்குலம் மேலே ஏறிவிட்டது! "என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அன்றைக்கு வீட்டிலிருந்து வந்தேன், இன்றைக்கு வேலையிலிருந்து வருகிறேன் என்றாள். அன்று பழைய பாடி, இன்று கம்பி வைத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 19 வருடமாக நான் அளந்தது மார்பை அல்ல, அன்றன்று அவர்கள் போட்டுவந்த பாடியை. பிள்ளை பெற்றவர்கள் தளர்வான பருத்திப் பாடியில் வருவார்கள், திருமணத்துக்குத் தைக்க வருபவர்கள் இருப்பதிலேயே நல்லதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். என் நோட்டு காட்டிய "இறக்கத்தில்" எத்தனை இப்படி வந்ததோ! மருத்துவரிடம்கூட இல்லாத கணக்கு என்று முதல் நாள் பெருமையடித்தேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் சொந்த 10¾ மட்டும் மெய். அது பாடி இல்லாமல் கண்ணாடி முன்னால் எடுத்தது.

இன்னொன்றையும் திரும்பப் பெறுகிறேன். இரவில் பாடி போட்டுக்கொள் என்றேன். அதற்கு ஆதாரம் தேடினால் இல்லை. உன் அம்மாவும் நானும் ஒரே மாதிரிப் பாட்டிகளிடம் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். படுத்திருக்கும்போது பாரம் விலாவின்மேல் பரவிவிடுகிறது, இழுப்பதற்கு என்ன இருக்கிறது? பெரிய மார்புள்ளவர்களுக்கு இரவில் மென்மையான ஒன்று சுகமாக இருக்கும் என்றால் போட்டுக்கொள்ளட்டும். கம்பி வைத்ததை மட்டும் வேண்டாம் என்பேன். காலையில் தோலில் தடம் பதிந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. பிரான்சில் பெசான்சோன் நகரத்தில் ழான்-தெனி ருய்யோன் என்ற மருத்துவர் 15 வருடம் முன்னூற்றுச் சொச்சம் பெண்களை அளந்து, பாடியே தேவையில்லை, இல்லாமல் இருந்தால்தான் நல்லது என்ற பொருளில் 2013இல் சொன்னார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்துப் போட்டன. ஆனால் அவர் பார்த்தது 18 முதல் 35 வயதுக்காரர்களை. எல்லாப் பெண்களும் இன்றே கழற்றிவிடுங்கள் என்று சொல்லவில்லை என்று அவரே எச்சரித்தார். அந்த வரியைத்தான் யாரும் பகிர்வதில்லை.

என் இப்போதைய முடிவு: பாடி என்பது செருப்பு மாதிரி. நடக்கும்போது சுகம். போடாவிட்டால் கால் நீண்டுவிடாது.

18 ஆகஸ்ட்

"பாடி" என்று எழுதாதீர்கள், நாகரிகமாக இல்லை என்று ஒருவர். என் ஆயா பாடி என்றார், அம்மா பாடி என்றார். பக்கத்துக் கடை மலாய்க்கார அக்கா "சோலி" என்கிறார். வடநாட்டில் சோலி என்றால் மேலே போடும் ரவிக்கை, கப்பலேறி இங்கே வந்ததும் உள்ளே போய்விட்டது. "மார்க்கச்சு" என்று எழுதலாம்தான். கடையில் போய் மார்க்கச்சு கேளுங்கள், என்ன எடுத்துத் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

25 ஆகஸ்ட்

ஓடுவதை நிறுத்தச் சொன்னார்களே, அதை மறந்தே போனேன்.

நான் யூத் பார்க்கில் ஓட ஆரம்பித்தபோது இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். பினாங்கு வெயிலில்! ஒரு சுற்று முடிவதற்குள் அடியில் வேர்த்து நசநசவென்று ஆகிவிடும். இரண்டாவது வாரம் மார்பின் கீழ் மடிப்பில் சிவந்து, எரிந்து, ஓரங்களில் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு பவுடராகக் கொட்டினேன், இன்னும் மோசமாயிற்று. ஈரம் தங்கும் இடத்தில் வரும் காளான் தொற்று அது என்று மருந்தகத்தில் சொன்னார்கள். களிம்பு தடவி, குளித்ததும் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே துணி போட்டதில் பத்து நாளில் போனது. தளர்ச்சியைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இந்த ஊரில் பல பெண்களுக்கு வரும் இந்தப் புண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் ஆடவில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடி, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோலச் சுற்றுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. இந்த ஆட்டத்தால் வலி வரும் என்பது உறுதி. வருடக்கணக்கில் ஆடினால் நார் நீளுமா என்பதை நீளும் என்று நம்புகிறவர்கள் உண்டு, அளந்து காட்டியவர்களை நான் பார்க்கவில்லை. வலி ஒன்றே போதாதா, நல்ல விளையாட்டு பாடி வாங்க?

அதன் கதையும் தையல் கதைதான். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்டில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது அணியும் உள்கச்சை இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். அதில் ஒருத்தி நாடக உடை தைப்பவள். எங்கள் சாதி.

ஓடு, தங்கச்சி. தண்ணீர்மலைக் கோயில் படி ஏறு. குதித்துப் பார்த்து வாங்கு, கடையில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

1 செப்டம்பர்

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கும் களிம்பு பற்றி இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். பேர் சொல்ல மாட்டேன்.

என் வாடிக்கையாளர் ஒருத்தி 89 ரிங்கிட் கொடுத்து அப்படி ஒன்று வாங்கினாள். இரண்டே வாரத்தில் தோல் மினுமினுவென்று ஆனது, ஊரெல்லாம் சொன்னாள். மூன்றாவது மாதம் அளவு எடுக்கும்போது பார்த்தேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகி, ஊதா நிறத்தில் வரிவரியாகக் கிழிந்த தடங்கள். தோல் மருத்துவர் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றாராம். தோலைத் தாங்கவைக்க வாங்கிய களிம்பு தோலையே கரைத்துவிட்டது.

அழகுசாதனம் எதுவானாலும் நம் நாட்டில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவிக்கை எண் பெற்றிருக்க வேண்டும், "என்ஓடி" என்று தொடங்கும். ஆனால் அந்த எண் இருந்தால் அரசு சோதித்துப் பார்த்து நல்லது என்று சொன்னதாகப் பொருளில்லை. விற்பவர் தானே எழுதிக் கொடுப்பது அது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது கலந்து பிடிபட்டு எண் ரத்தானவற்றின் பெயர்களை அந்த நிறுவனம் அவ்வப்போது வெளியிடுகிறது. வாங்குவதற்கு முன் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவலாமா என்றால் தடவுங்கள், தோல் வறளாது. தூக்காது. மாத்திரைகளில் பெண் ஹார்மோன்போல வேலை செய்யும் கிழங்குப் பொடி கலந்தவை இருக்கின்றன. மாதவிடாய் தடுமாறும். அதை விற்ற கடைக்காரரிடம் உங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கல்லாப்பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

14 செப்டம்பர்

இன்று நீளமாக எழுதப் போகிறேன், நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். சளைக்காமல் பேசக்கூடியது எனக்கு இது ஒன்றுதான்.

"தொங்கிவிட்டது" என்று வரும் இளம்பெண்களில் பலருக்குத் தொங்குவது மார்பு அல்ல, பாடி. பின்பக்கப் பட்டை முதுகில் மேலே ஏறிக் கிடக்கும். பட்டை பின்னால் ஏறினால் முன்பக்கம் இறங்கும், தராசு மாதிரி. உடனே தோள் வாரை இழுத்து இறுக்குவார்கள். தோளில் பள்ளம் விழும், கழுத்து வலிக்கும், முன்பக்கம் அப்படியேதான் இருக்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது மார்பைச் சுற்றி ஓடும் பட்டை. தோள் வார் சும்மா பிடித்துக்கொள்வதற்கு.

ஏன் பட்டை தளர்வாக இருக்கிறது? கடைகளில் கிடைப்பது 34, 36, 38. கப் பி. நெஞ்சு ஒடுங்கி மார்பு பெரிதாக இருக்கும் பெண்ணுக்கு பி கப் போதாது. விற்பவர் என்ன செய்வார்? இன்னும் பெரிய எண்ணைக் கொடுப்பார். 32 டி போட வேண்டியவள் 36 பியில் வாழ்கிறாள். இரண்டிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றேதான், பட்டை மட்டும் நான்கு அங்குலம் வித்தியாசம். எண் ஏற ஏறக் கப்பும் பெருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டி என்றால் பெரிய மார்பு என்று வெட்கப்படுகிறார்கள். எழுத்து தனியாக ஒன்றையும் சொல்லாது.

வீட்டில் பார்க்கலாம். மார்புக்கு அடியில் நாடாவைச் சுற்றி இறுக்கமாக அளந்துகொள். பிறகு மார்பின் நிறைந்த இடத்தில் இறுக்காமல் அள. இரண்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலமோ அத்தனையாவது எழுத்து. இது தொடக்கம்தான், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வெட்டும். போட்டுப் பார்த்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கு. பட்டை கூடவே ஏறினால் அது உன்னுடையது அல்ல. புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும், அப்போது உள்கொக்கிக்கு மாறலாம். முதல் நாளே உள்கொக்கியில் மாட்டினால் மூன்றாவது மாதம் எங்கே மாட்டுவாய்?

பெரிய கடையிலும் அளந்து கொடுப்பதில்லை. போன வருடம் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள், மருத்துவரிடம் அறுவைக்கு விலை கேட்டிருக்கிறாள். என் அளவில் ஒரு பாடி வாங்கிவா என்று அனுப்பினேன். 49 ரிங்கிட்டில் வேலை முடிந்தது. மார்பு மாறவில்லை. அழுகை நின்றது.

22 செப்டம்பர்

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறாள். எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. புகை கிடையாது. எப்போதுமே இப்படித்தான் இருந்ததாக நினைவு, அலைபேசியில் யாருடைய படத்தையோ பார்த்த பிறகுதான் "தொய்ந்திருக்கிறது" என்று தோன்றியதாம்.

அப்படியானால் தளரவே இல்லை. தளர்வது என்றால் முன்பு இருந்த இடத்திலிருந்து இறங்க வேண்டும். மருத்துவர்கள் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த போல் ரெஞோ என்ற பெண் அறுவை மருத்துவர் 1976இல் வகுத்தது. மார்பின் அடிமடிப்பை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு, காம்பு அந்தக் கோட்டின் மட்டத்துக்கு வந்தால் முதல் நிலை, அதற்குக் கீழே போனால் இரண்டாவது, மார்பின் அடி விளிம்புக்கே போய்க் கீழ்நோக்கினால் மூன்றாவது. காம்பு கோட்டுக்கு மேலேயே இருந்து, அடிப்பாகம் மட்டும் கனமாக இறங்கியிருந்தால் அதற்குப் போலித் தளர்ச்சி என்று தனிப் பெயர்.

இவள் தானே பார்த்துவிட்டு எழுதுகிறாள்: கோட்டுக்கு மேலேதான் இருக்கிறதாம். மாங்காயில் ஒட்டும் உண்டு, கிளிமூக்கும் உண்டு. கிளிமூக்கு மாங்காயைப் பார்த்து யாரும் ஒட்டு மாங்காய் தளர்ந்துபோயிற்று என்று சொல்வதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் அளந்தவர்களில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். (நோட்டை நம்பாதே என்று நானே சொன்னேன். இதை நம்பலாம், ஒரே பாடியில் இரண்டு பக்கமும் பார்த்தது.)

29 செப்டம்பர்

விளையாட்டுப் பேச்சு போதும், ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். எப்போதும் இருக்கும் வித்தியாசம் வேறு, புதிதாக வரும் வித்தியாசம் வேறு.

ஆறு வருடத்துக்கு முன் ஓர் அக்காவுக்குக் கைக்குழி அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினார். இடது மார்பின் வெளிப்பக்கத்தில், மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்தால் விழுமே, அப்படி ஒரு குழி. கையை இறக்கினால் இல்லை. தூக்கினால் வருகிறது. "அக்கா, இது எப்போதிலிருந்து?" என்றேன். வயதாகிறது, தொங்குகிறது என்று சிரித்தார். எனக்கு ஏனோ கை ஓடவில்லை. தையல் கூலி பிறகு, முதலில் கிளினிக் போய்வாருங்கள் என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனார். புற்றுநோய். முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டார்கள். இந்தத் தீபாவளிக்கும் இரண்டு ரவிக்கை கொடுத்திருக்கிறார், கூலியில் பேரம் பேசிக்கொண்டு.

அந்தக் குழி விழுவது எதனால் தெரியுமா? முன்பு சொன்னேனே கூப்பர் நார், உள்ளே கட்டி வந்தால் அதைப் பிடித்து இழுக்கிறது, மேலே தோல் உள்வாங்குகிறது. தளர்ந்தால் தொய்வு, இழுத்தால் குழி. ஒரே நார்தான்.

ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாறினாலோ, காம்பு திடீரென்று உள்ளே போனாலோ, இரத்தம் கசிந்தாலோ, தோல் ஆரஞ்சுத் தோல்போல் ஆனாலோ, கையில் கட்டி தட்டுப்பட்டாலோ எண்ணெயும் வேண்டாம், தையல்காரியும் வேண்டாம். அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட். போய்க் காட்டுங்கள்.

6 அக்டோபர்

அறுவை பற்றிச் சுருக்கமாக. உண்மையில் தூக்கி வைப்பது அது ஒன்றுதான். மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துத் தைக்கிறார்கள், நான் ரவிக்கையில் செய்வதைத்தான். ஆனால் ரவிக்கைத் தையல் உள்பக்கம் போய்விடும், இது வெளியே தழும்பாக நிற்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம், பின்னால் பால் கொடுப்பது சிரமமாகலாம். அடுத்த கர்ப்பத்திலோ எடை மாற்றத்திலோ மறுபடி இறங்கவும் கூடும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதன் பிறகு யோசியுங்கள் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அழகு நிலையத்து மாடியறையில் யாராவது ஊசி போட்டுத் தூக்கித் தருகிறேன் என்றால் படியிறங்கி ஓடிவந்துவிடுங்கள்.

19 அக்டோபர்

தீபாவளிக்கு இன்னும் 12 நாள். கடையில் 140 ரவிக்கை தொங்குகிறது, இனி இங்கே எட்டிப் பார்க்க முடியாது.

நேற்று மாலை ஃபெரிப் படகில் ஏறி ஒரு பெண் வந்தாள், கூடவே அவள் அம்மா. மயில் கழுத்து நிறத்தில் பட்டு. திரைக்குப் பின்னால் வந்ததும், நாள்காட்டியைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்து, "நான்தான் அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுப் பாடி போட்டிருந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன், பட்டை அசையவில்லை.

அளந்தேன். 9¾. பக்கத்தில் சிறிதாக "எந்தப் பாடி" என்று ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன் இப்போதெல்லாம், அதிலும் எழுதினேன். திரைக்கு வெளியிலிருந்து அம்மா, கொஞ்சம் தூக்கினாற்போல் தைத்துவிடுங்கள் என்று குரல் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"உள்ளபடி தைக்கிறேன் அம்மா" என்றேன். "கொக்கி முன்பக்கமா, பின்பக்கமா?"

"பின்பக்கம்" என்றார் அம்மா. "முன்பக்கம்" என்றாள் அவள். முன்பக்கம் என்று எழுதிக்கொண்டேன்.